அப்பா கைதட்டிய பட்டிமன்றம்

அன்று மண்டபத்தில் எல்லாரும்தான் கைதட்டினார்கள். ஆனால் மூன்றாவது வரிசையில், நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா.

மைக்குக்கு முன்னால் நின்ற எனக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சூடு. தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்தக் கைதட்டல் கேட்டது.

"ஆகவே நடுவர் அவர்களே, சொந்தக் காசில் வெளிநாடு போய்ப் படிப்பது தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நட்டமே, நட்டமே, நட்டமே!" என்று மூன்று தடவை அடித்துச் சொல்லிவிட்டு ஒரு கும்பிடு போட்டேன்.

கும்பிட்ட கையை இறக்கும்போது அப்பாவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மண்டோரின், அதாவது வேலைக் கண்காணியின், தோளைத் தட்டி, "எம்மவ சொல்றது நூத்துக்கு நூறு" என்று அவர் சொல்வது உதட்டசைவிலேயே தெரிந்தது. பேசி முடித்த குஷி எனக்கு அதோடு போயிற்று.

ஏனென்றால், இன்னும் இரண்டே மாதத்தில் சொந்தக் காசில் வெளிநாடு போய்ப் படிக்க இருந்த தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை நானேதான்!

பல் பிடுங்க ஐந்து வருடமா?

கிள்ளானில் ஆறாம் படிவம் படிக்க விடியற்காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "அவ்வளவு தொங்கினீர்களே, முடித்து என்ன கிழித்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் காரம் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்கிறேன், குறுக்கே பேசக் கூடாது.

கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம் போகும் சாலையில், உள்ளே இரண்டு மைல் தள்ளி இருந்தது எங்கள் செம்பனைத் தோட்டம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார், வருவார், மறுபடி போவார். அம்மா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலை. எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருடம் கேட்டால் என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

ஆறாம் படிவத் தேர்வில் நல்ல முடிவுதான் வந்தது. ஆனாலும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அழுதேன், இரண்டு நாள் சோறு தின்னவில்லை, தலையணையை உதைத்தேன். மூன்றாம் நாள் கிள்ளானில் ஒரு மாடி அறையில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்ட் ஒருவரைப் பற்றி யாரோ சொன்னார்கள்.

அந்த மனிதர் சபாரி சூட்டும் வாசனைத் தைலமுமாகக் காரில், தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரி. வழவழப்பான தாளில் கலர் படம். படத்தில் இருந்த தோட்டத்தில் ரோஜாப் பூக்கள். அந்த ரோஜாப் பூக்களைப் பார்த்தே நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லு புடுங்க அஞ்சு வருசமா? நம்ம டிரெசரு அஞ்சு நிமிசத்துல புடுங்கறாரே!" என்றார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். எங்களுக்கு டாக்டர், நர்ஸ், பல் வைத்தியர் எல்லாமே அவர்தான்.

சிரித்தாலும் அப்பா சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் லோரியிலேயே யோசித்தார். ஒரு சாயங்காலம் வந்து, "சரி, போய்ப் படி. பாத்துக்கலாம் லா" என்றார். நான் துள்ளிய துள்ளலில் பக்கத்து வீட்டுக் கோழி கூரையில் ஏறிக்கொண்டது.

அது எவ்வளவு பெரிய 'சரி' என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் ஓய்வு. அதற்கு மூன்றே வருடம் இருந்தது. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். டவுனுக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தாமான் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. மலிவு விலை வீடுகள். அம்மா மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போய், செங்கல்கூட வைக்காத வெறும் மண்ணில் நின்று, அடுப்பு எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிட்டு வருவார். சேமிப்பு ஒன்றுதான். அதில் ஒன்று வீடு வாங்கலாம், அல்லது நான் படிக்கலாம். இரண்டும் ஆகாது.

பிஸ்கட் டின் குலுக்கல்

இந்த நேரம் பார்த்து எங்கள் தோட்ட இளைஞர் மன்றத்துக்கு ஆண்டு விழா வந்தது. ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம் இல்லாமலா? அந்த வருடம் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நாலைந்து பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால், செயலாளர் அதையே தலைப்பாக வைத்துவிட்டார். சொந்தக் காசில் வெளிநாடு போய்ப் படிப்பது லாபமா, நட்டமா?

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த அணி என்பதைப் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். சொந்தக் கருத்துக்கு நேர் எதிரான அணி விழுந்தால் இன்னும் விசேஷம். அதில் ஜெயித்தால்தான் பேச்சாளன் என்று பேர்.

இதற்கு முன்னால் ஒரு வருடம் 'கள் குடிப்பது நல்லதா, கெட்டதா' என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. நாள் தவறாமல் கள்ளுக்கடைக்குப் போகும் ஒருவருக்குக் 'கெட்டதே' விழுந்தது. மனிதர் என்னமாய்ப் பேசினார் தெரியுமா! முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பரிசை வாங்கிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்குத்தான் போனார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பட்டிமன்றம் வேறு, பிழைப்பு வேறு.

குலுக்கலில் எனக்கு 'நட்டமே' விழுந்தது. என் உயிர்த்தோழி ஸ்டெல்லாவுக்கு 'லாபமே'. ஸ்டெல்லா அந்த டிரெசரின் மகள். என்னோடு ஆறாம் படிவம் படித்தவள். உள்ளூர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். "தெரியாத ஊருக்குப் போயி இருக்கறதையும் தொலைச்சிட்டு வர்றது எனக்கு வேணா லா" என்பது அவள் கட்சி.

"நாம மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது. குலுக்குனா குலுக்குனதுதான்" என்றார் செயலாளர்.

சரி, லேசாகப் பேசித் தோற்றுவிட்டுப் போயிருக்கலாம். அதுதானே புத்தி? ஆனால் எனக்குத் தோற்கத் தெரியாது. அது ஒரு வியாதி. கேரம் விளையாட்டில் தோற்றால் காயைத் தூக்கிச் சாக்கடையில் எறியும் ரகம் நான்.

பத்தாங் காலிக்கு மூன்று பஸ்

பாயிண்ட் தேடிக் கிளம்பினேன். அந்தக் காலத்தில் எங்கள் வயதுப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பை எடைபோட்டதெல்லாம் பஸ் நிறுத்தத்தில்தான். பெயிலானால்? காசு பாதியில் முடிந்தால்? சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால்? அங்கேயே ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு வந்தால்? கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம்.

உண்மையாகப் போய் வந்தவர் யாராவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தியாகு என்று ஒருவர் இருப்பதாக ஸ்டெல்லாவின் அப்பா சொன்னார். இந்தியாவில் மூன்று வருடம் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் திரும்பியவர். ராவாங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. பத்தாங் காலியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். தியாகுவுக்கு முப்பது வயதிருக்கும். கதவைத் திறந்ததுமே எங்களை உள்ளே விடாமல், "ரூமு குப்பையா இருக்கு, வாங்க சாப்புடுவோம்" என்று கடைக்குக் கூட்டிப்போய் மீ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். கலகலவென்று சிரிப்பவர்.

"பெயிலானதுல ஒன்னும் இல்ல தங்கச்சி. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு பெயிலு. நா அத வூட்டுக்குச் சொல்லல. அதான் என்னயக் கவுத்திருச்சி."

"ஏண்ணே சொல்லல?" என்றேன், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"எப்படி லா சொல்றது? அம்மா மாட்ட வித்து அனுப்புது. நா 'பரீச்ச நல்லா எழுதினேன்'னு லெட்டர் போடறேன். மொதல்ல ஒரு பொய்யி. அப்புறம் அதுக்கு முட்டுக்கொடுக்க இன்னொன்னு. ரெண்டு வருசம் எழுதினேன்."

அவருடைய அம்மா கம்போங் குவாந்தான் ஆற்றோரத் தோட்டத்தில் இருந்தார். அங்கிருந்து பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாத தூரம். திரும்பி வந்து நாலு வருடம் ஆகியும் தியாகு அங்கே போகவில்லை.

"இப்பப் போனா என்னாண்ணே?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"மீ ஆறுது பாரு, சாப்புடு" என்றார் அவர். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். திரும்பும் பஸ்ஸில் எனக்குத் துக்கமே வரவில்லை. அருமையான பாயிண்ட் கிடைத்துவிட்ட குஷிதான் இருந்தது. பத்தொன்பது வயதில் நான் அப்படிப்பட்ட கழுதை. ஸ்டெல்லா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ராவாங் வரை என்னோடு பேசவில்லை.

ஏழு பாயிண்ட்

பட்டிமன்றத்தில் பொரிந்து தள்ளினேன். மொத்தம் ஏழு பாயிண்ட். "அந்தப் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா என்று நம்மில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், போய்க் கேட்டோமா?" என்று விரலை நீட்டினேன். முன்வரிசை தலை குனிந்துகொண்டது. "முதல் வருடத்துக்குக் காசு இருக்கும், மூன்றாம் வருடத்துக்கு?" என்றேன். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் தலையாட்டினார்கள்.

ஏழாவதாகத் தியாகுவின் கதை. பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. "ஜெயித்த பிள்ளை விமானத்தில் வருவான், மாலை போடுவீர்கள். தோற்ற பிள்ளை? பக்கத்து ஊரில் இருந்துகொண்டே பெற்ற தாய் முகத்தில் விழிக்காமல் கிடப்பான்!" என்றேன்.

ஸ்டெல்லாவும் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் நடுவராக இருந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் 'நட்டமே' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பரிசு ஒரு தெர்மோஸ் பிளாஸ்க். அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்ல வேள புள்ள. எனக்கு இப்பதான் புத்தி வந்திச்சி. வர்ற வாரம் தாமான் ஆபீசுக்குப் போயி வீட்டுக்கு டெபாசிட் கட்டிப்புடறேன்" என்றார்.

"அப்பா! அது பட்டிமன்றம்ப்பா!"

"நாந்தான் பாத்தேனே."

"சீட்டுல விழுந்திச்சி, பேசினேன். அந்தக் கள்ளுக்கட ஆளு பேசல?"

"அவன் வாயில பேசினான். நீ வயித்துலேருந்து பேசின." அப்பா துண்டைக் கொடியில் போட்டார். "சரி, நீ சொன்னது பொய்யா?"

பொய் என்று சொல்ல முடியவில்லை. ஏழும் நிஜம். அலைந்து திரிந்து நானே பொறுக்கி எடுத்த நிஜம்.

"பொய்யில்ல" என்றேன்.

"அப்புறம் என்னா?" என்று கேட்டுவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

அம்மா நடுவர்

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளாஸ்க்கைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். ஏஜெண்டுக்குச் சம்மதமும் முன்பணமும் கொடுக்க மாதக் கடைசிதான் கெடு. அதற்கு மூன்று வாரம்கூட இல்லை. மறுநாள் ஸ்டெல்லா வந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிட்ட ஆளு இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்திதான்."

"சிரி, நல்லா சிரி."

"அழுது என்னா செய்யப்போற? பேசித்தானே கெடுத்த, பேசியே எடு. ஒங்கப்பாகிட்ட இன்னொரு பட்டிமன்றம் வெய்யி."

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது! அடுத்த ஞாயிறு காலை, அப்பா பசியாறிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம் சவால் விட்டேன். எதிர்பார்க்கவே இல்லை, மனிதர் உடனே எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். 'நட்டமே' அப்பா. 'லாபமே' நான். நடுவர் அம்மா. மணிக்குப் பதில் தட்டும் கரண்டியும்.

நேரம் போகப் போக எனக்குச் சிரிப்பும் வந்தது, உதறலும் எடுத்தது. அப்பா என் பேச்சை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்! லோரியில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்திருக்கிறார். நான் விரலை நீட்டிய இடத்தில் விரலை நீட்டினார். நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்தார்.

"அந்தப் பட்டம் இங்க செல்லுமான்னு ஒரே ஒருத்தரு போய்க் கேட்டோமா?" என்றவர், பேச்சை விட்டு இறங்கி, சாதாரணக் குரலில் கேட்டார். "ஆமா, நீ போய்க் கேட்டியா புள்ள?"

நான் கேட்கவில்லை. நூறு பேர் முன்னால் விரலை நீட்டிய நான் கேட்கவே இல்லை. ரோஜாப் பூப் படத்தைத்தான் பார்த்திருந்தேன்.

"ஏஜெண்டு சொன்னாரு..." என்று இழுத்தேன்.

டங்கென்று கரண்டி விழுந்தது. "அப்பாவுக்கு ஒன்னு" என்றார் அம்மா.

மூன்றாம் வருடக் காசுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்கு இரண்டு. ஆனால் சாப்பாடு, குளிர், காதல் எல்லாவற்றையும் நான் அடித்து நொறுக்கினேன். காதல் விஷயத்தில் அம்மாவே எனக்குக் கரண்டி அடித்தார்.

ஆறு பாயிண்ட் ஆனது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"ஏழாவது?" என்றேன்.

"அது வேணா."

"ஏன் வேணா? அதுதான் பெரிய பாயிண்டு."

"வேணான்னா வேணா" என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு லோரி செட்டுப் பக்கம் போய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்லுங்கள் என்று.

"எனக்கு வீடும் வேணும், நீ படிக்கவும் வேணும். இதுல நா எங்கருந்து தீர்ப்பு சொல்றது? போயி அரிசியக் கழுவு" என்றார் அம்மா.

கோலாலம்பூர் கவுண்டர்

மறுநாளே ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு கோலாலம்பூர் போனேன். அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியல் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருப்பதாகப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். நாலு கவுண்டர் அலைந்தோம். கடைசிக் கவுண்டரில் இருந்த மலாய் அக்கா கனத்த கோப்பைப் பிரித்து, விரலை மெதுவாக ஓட்டினார். மறுபடி மேலேயிருந்து ஓட்டினார்.

"தா அடா லா, டேக்" என்றார். இல்லை தங்கச்சி என்று அர்த்தம்.

நான் நம்பவில்லை. கோப்பைத் திருப்பச் சொல்லி நானே பார்த்தேன். ரோஜாப் பூக் கல்லூரி அதில் இல்லை. அங்கே ஐந்து வருடம் படித்து, வீட்டுக் காசையெல்லாம் கொட்டிவிட்டு வந்தால், இங்கே ஒரு பல்லைத் தொடக்கூட எனக்கு உரிமை கிடைக்காது. அந்தச் சபாரி சூட்டை மட்டும் அப்போது எதிரில் பார்த்திருந்தால், எந்தப் படிப்பும் இல்லாமலே அவன் பல்லைப் பிடுங்கியிருப்பேன்.

கோபத்திலேயே, பட்டியலில் இருந்த கல்லூரிகளின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டேன். நாலு கிடைத்தன.

பஸ்ஸில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கப்பாகிட்ட இதச் சொல்லாத. சொன்னா முடிஞ்சிச்சி. வேற காலேஜி கெடைக்குதான்னு மொதல்ல பாரு. கெடைச்சா, இதுதான் அதுன்னு சொல்லிக்கலாம். அவருக்கு எங்க தெரியப்போவுது?"

நல்ல யோசனைதான். வழி நெடுக அதையேதான் ஒத்திகை பார்த்தேன். சிரித்த முகமாக இறங்க வேண்டும், "பட்டம் செல்லும்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டும். புக்கிட் ரோத்தான் வரும்போது அந்த வாக்கியம் எனக்குச் சரளமாக வந்துவிட்டது.

அப்பா செட்டில் லோரி கழுவிக்கொண்டிருந்தார். செம்பனை எண்ணெய் வாடை. வாளியும் பிரஷ்ஷுமாகத் திரும்பி, "என்னா சொன்னாங்க?" என்றார். முகத்தில் ஓர் ஆவல். ஜெயிக்கும் ஆவல் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"செல்லாதுப்பா. லிஸ்டப் பாத்தேன், அதுல இல்ல" என்றேன். "அந்த ஏஜெண்டு பொய் சொல்லிட்டான். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். சக்கரத்தின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப செல்லுற காலேஜி எது?"

"என்னாப்பா?"

"லிஸ்டப் பாத்தேன்னியே. அதுல எது செல்லும்? எழுதிக்கிட்டு வரலியா?"

தாளை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. இருந்தாலும் ஒவ்வொரு பெயராக விரலை வைத்தார்.

"நீ மறைச்சிருவியோன்னு நெனச்சேன்" என்றார். "சொல்லிட்ட. அது போதும்."

"எது போதும்?"

"அந்த ஏழாவது பாயிண்டு இருக்கே புள்ள. அதான் என்னயப் போட்டு ஆட்டிருச்சி. வூடு போனா வாடகக்கி இருந்துக்கலாம். அந்தப் பையன் மாதிரி நீயும் எங்கியோ ஒரு ரூம்ல கெடந்து, வராம இருந்துட்டா? ஒங்கம்மா தாங்காது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பாஸ் பண்ணா நீ எங்க வேணா இரு. பெயிலானா நேரா வூட்டுக்கு வா. இதுக்குச் சம்மதம்னா போ."

"மூணாவது வருசத்துக் காசுப்பா?"

"அது இனிமே என் பாயிண்டு. நா பாத்துக்கறேன்."

ஈர லோரியில் சாய்ந்துகொண்டு நான் அழுத அழுகையும் சிரித்த சிரிப்பும் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பாவாடையெல்லாம் எண்ணெய்.

இரண்டு வரி

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டமோ ஓட்டம். நாலு கல்லூரிக்கும் தந்தி. இரண்டு இடத்திலிருந்து இல்லை என்று வந்தது. ஒன்று பதிலே போடவில்லை. நாலாவது கல்லூரியின் கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் தோட்டத்து ரோட்டில் ஓடி, குலை ஏற்றிப் போன அப்பாவின் லோரியை மறித்தேன். இடம் கிடைத்துவிட்டது! அப்பா அடித்த ஹாரனில் ஆபீசிலிருந்து கிராணியே எழுந்து வெளியே வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா, டெபாசிட் கட்டாமலே வைத்திருந்த தாமான் வீட்டுப் பாரத்தை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்.

அம்மாவின் வீடு ஏழு வருடம் கழித்துத்தான் வந்தது. நடுவில் இருவரும் கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

முதல் வருடத் தேர்வு முடிவு ஒட்டிய அன்று கல்லூரி அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றேன். உடற்கூற்றில் பெயில். தோற்கத் தெரியாத நான்! விடுதிக்குப் போனதும் பக்கத்து அறைப் பெண், மறுதேர்வு எழுதித் தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம், வீட்டில் வீணாகக் கவலைப்படுவார்கள் என்றாள். அவளும் பெயில்தான். 'எல்லாம் சுகம்' என்று அவள் எழுதி முடித்த நீலக் கடிதம் மேசை மேல் இருந்தது.

நான் அன்றைக்கே எழுதினேன். "அப்பா, உடற்கூற்றில் பெயில். பதினோரு மார்க் குறைவு. வரச் சொன்னால் வருகிறேன்." ஒட்டிப் போட்டுவிட்டு மூன்று வாரம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்தேன்.

பதில் வந்தது. அப்பாவின் கையெழுத்து. இரண்டு வரிதான்; மீதித் தாள் முழுக்க வெற்று.

"சொன்னதற்குச் சந்தோசம். இன்னொரு தடவை எழுதிப் பார், முடியாவிட்டால் தந்தி அடி, சுபாங் ஏர்போர்ட்டுக்கு லோரியையே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."

மறுநாள் விடியற்காலையிலேயே மறுதேர்வுக்குப் படிக்கக் கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்குத்தான் திறப்போம், போய்விட்டு வா என்றார் காவலாளி. பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன்.